மனசாட்சிக்கு ஒரு சிலை

லால்பாக் கண்ணாடி மாளிகையின் வாசலில் மனசாட்சிக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். பொம்மனஹள்ளியில் வாழும் ஒரு வாக்காளன் என்ற முறையில் இதை முறைப்படி முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இந்த நாட்டில் யாருக்குச் சிலை வைத்தாலும் ஒரு கூட்டம் மாலையோடு வரும், இன்னொரு கூட்டம் கறுப்புக் கொடியோடு வரும். மனசாட்சிக்கு மட்டும் இரண்டும் வராது. சாதி தெரியாத, ஓட்டு வங்கி இல்லாத ஓர் ஆளுக்குச் சிலை வைத்து யாருக்கு என்ன லாபம்?

ஆனாலும் நியாயம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் கட்சி அரசியலில் மனசாட்சி அதிகாரபூர்வமாகக் கண் விழித்தது ஒரே ஒரு முறைதான். கிட்டத்தட்ட ஐந்து வாரம் விழித்திருந்தது. வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பப் படுத்துவிட்டது. அதற்கு விதை விழுந்த ஊர் பெங்களூர். ஆண்டு 1969.

அந்த ஆண்டு மே 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற கேள்வி நாட்டின் முன் எழுந்தது என்று பாடப்புத்தகம் எழுதும். நாட்டின் முன் ஒன்றும் எழவில்லை. காங்கிரசின் முன்தான் எழுந்தது. அதுவரைக்கும் காங்கிரஸ் நிறுத்துகிறவர்தான் குடியரசுத் தலைவர். தேர்தல் என்பது தாலி கட்டிய பிறகு போடும் அட்சதை.

ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி பெங்களூரில் கூடியது. இடம், லால்பாக் கண்ணாடி மாளிகை. லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்து 1889-ல் அடிக்கல் நாட்டிக் கட்டியது. ஆண்டுதோறும் மலர்க் கண்காட்சி நடக்கும் மண்டபம். அந்த ஜூலையில் காட்சிக்கு வந்தது முள். பிரதமர் இந்திரா காந்தி தான் வருவதற்கு முன்பே ஒரு குறிப்பை அனுப்பிவைத்தார். வங்கிகளை என்ன செய்யலாம், நிலத்துக்கு உச்சவரம்பு எப்படி வைக்கலாம் என்று அவசரத்தில் எழுதிய சிதறல் எண்ணங்கள் என்று அதற்குப் பெயர். பசித்தவனுக்குச் சோறு போடும் யோசனை, எப்போதும் கட்சியில் சண்டை வரும்போதுதான் சிதறல் சிதறலாக வந்து விழுகிறது. சண்டை இல்லாத காலத்தில் அது யாருடைய எண்ணத்திலும் சிதறுவதில்லை.

ஜூலை 12. காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு கூடியது. எட்டுப் பேர். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, பிரதமர் இந்திரா காந்தி, காமராஜர், மொரார்ஜி தேசாய், ஒய்.பி. சவான், எஸ்.கே. பாட்டீல், ஜகஜீவன் ராம், பக்ருதீன் அலி அகமது. ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் முதல் குடிமகன் யார் என்று இந்த எட்டுப் பேர் முடிவு செய்வார்கள். மூத்தவர்களின் வேட்பாளர் மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் வைத்த பெயர் ஜகஜீவன் ராம். அது காந்தி நூற்றாண்டு. ஒரு தலித்தைக் குடியரசுத் தலைவர் ஆக்குவதுதான் காந்திக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லப்பட்டது.

ரெட்டிக்கு நான்கு கை. காமராஜர், தேசாய், பாட்டீல், சவான். எதிர்த்து இரண்டு கை. இந்திரா காந்தி, பக்ருதீன். நிஜலிங்கப்பாவும் ஜகஜீவன் ராமும் ஓட்டுப் போடவில்லை. நான்குக்கு இரண்டு, இருவர் ஒதுங்கல். உலகத்தின் மிகப் பெரிய ஜனநாயகத்தின் உச்சப் பதவிக்கான வேட்பாளர் தேர்வு இவ்வளவுதான். எங்கள் தெரு விநாயகர் சதுர்த்திக் கமிட்டியில் இதைவிடக் கூடுதலாகக் கை தூக்குவார்கள். சுண்டல் இல்லாமல் அனுப்பவும் மாட்டார்கள்.

சவானின் கைதான் ஆட்டத்தை மாற்றியது. அது தன் பக்கம் தூக்கப்படும் என்று பிரதமர் எதிர்பார்த்திருந்தார். அதே சவான், கட்சி உடைந்தபோது இந்திரா காந்தியின் பக்கம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு நிதியமைச்சரும் ஆனார். ஒரே கை ஒரு பக்கம் தூங்கி இன்னொரு பக்கம் விழித்துக்கொள்வதற்கு அரசியலில் முதிர்ச்சி என்று பெயர். இதையே கார்மெண்ட்ஸ் தொழிலாளி செய்தால் காலை நேரம் தவறி வந்தவள் என்று சம்பளத்தில் பிடிப்பார்கள்.

காமராஜரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியையும் 1966-ல் இந்திரா காந்தியையும் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்தவர் அவர். 1966 ஜனவரியில் கட்சி எம்.பி.க்கள் உண்மையிலேயே ஓட்டுப் போட்டார்கள்: இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. நியாயமான முறையில் ஒருவரை ஒரு முறை தேர்ந்தெடுத்துக் காட்டிய கட்சி, மூன்றே ஆண்டில் எட்டுப் பேர் சபைக்குத் திரும்பிவிட்டது. அந்தச் சபையில் ஓட்டுப் போட்டவர்களில் நம் பெருந்தலைவரும் ஒருவர். பள்ளிக்கூடம் திறந்த கைதான் அதுவும். இரண்டையும் எழுதினால்தான் வரலாறு.

தோற்ற பிரதமர் என்ன செய்தார்? முதலில் ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். கவனியுங்கள், கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பே, குழு கூடிய மறுநாளான ஜூலை 13-ஆம் தேதி, கிரி தானும் நிற்பதாக அறிவித்திருந்தார். ஜூலை 16-ல் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிபோனது. அவர் துணைப் பிரதமர் பதவியையும் விட்டார். ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவர் கிரி. மறுநாள் பதவியை விட்டு விலகி வேட்பாளர் ஆனார். காலி நாற்காலிக்குத் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா காவல் இருந்தார். அரசாங்கத்தின் மிகப் புகழ்பெற்ற கோப்பில் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாள் தேர்தல் களத்துக்கு நடந்து போன வேட்பாளரை எந்த நாட்டிலும் ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே நடத்தை விதி என்பது மைக் செட்டு வாடகைக்கு எடுக்கிற கவுன்சிலர் வேட்பாளருக்கு மட்டும்.

அந்த 14 வங்கிகளில் சிண்டிகேட் வங்கியும் ஒன்று. கட்சியில் சிண்டிகேட் என்று பெயர் வாங்கிய மூத்தவர்களை வீழ்த்தும் முன்பு, உடுப்பியில் பிறந்த அந்த அப்பாவி வங்கியை அம்மையார் முதலில் கைப்பற்றினார். ஏழை மக்கள் பிரதமர் வீட்டு வாசலில் கூடி வாழ்த்தினார்கள். வங்கிக் கதவு திறந்தது நல்லதுதான். கிராமத்துக்குக் கிளை வந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கதவுக்குச் சாவி தேடச் சொன்னது ஏழையின் பசியா, நான்குக்கு இரண்டு என்ற கணக்கா என்று கேட்டால், கோபப்பட வேண்டியவர் நான் அல்ல.

இப்போது மனசாட்சி வருகிறது. தான் முன்மொழிந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடும்படி கட்சிக்காரர்களுக்குக் கட்டளையிடப் பிரதமர் மறுத்தார். அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றார். அதற்கு வழி செய்து கொடுத்தவர் எதிர்ப்பக்கத்து நிஜலிங்கப்பாவேதான். சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்த ஜனசங்கத்திடமும் சுதந்திராக் கட்சியிடமும் போய், உங்கள் இரண்டாவது விருப்ப வாக்கை ரெட்டிக்குத் தாருங்கள் என்று பேசினார். ஒரு பக்கம் கொள்கையை இரண்டாவது விருப்பமாக வைத்தது. இன்னொரு பக்கம் கையெழுத்தை இரண்டாவது விருப்பமாக வைத்தது. இரண்டுக்கும் நடுவில் நாடு எத்தனையாவது விருப்பம் என்று எந்த வாக்குச் சீட்டிலும் எழுதவில்லை.

சென்னையில் ஆட்சியில் இருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது. ஆகஸ்ட் 16-ல் வாக்குப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாவது விருப்ப வாக்கை எண்ணி முடிவு சொன்னது இந்த ஒரு முறைதான். கடைசிக் கணக்கு: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. ஓர் எம்.பி.யின் வாக்கு மதிப்பு அன்று 576. பதின்மூன்று எம்.பி.க்களின் மனசாட்சி கொஞ்சம் அசதியாக இருந்திருந்தால், ரெட்டி குடியரசு மாளிகையில் குடியேறியிருப்பார். இந்த நாடு பதின்மூன்று பேரின் மனசாட்சியில் ஓடியது என்றால் பெருமைப்படுவதா, பயப்படுவதா?

போட்டி எவ்வளவு தூய்மையானது என்பதற்கும் சான்று உண்டு. ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரில்லாத துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற மைய மண்டபம் வரை போனது. தேர்தல் செல்லாது என்று வழக்கு. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடி. மனசாட்சி பேசும்போது கூடவே பெயரில்லாத நோட்டீசும் பேசும் என்று நமக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இன்று அந்த நோட்டீசை அச்சடிக்கத் தேவையில்லை; காலை வணக்கத்தோடு சேர்த்து வாட்சாப்பில் வருகிறது.

நவம்பர் 12-ல் இந்திரா காந்தி கட்சியை விட்டு நீக்கப்பட்டார். கட்சி உடைந்தது. அதன் பிறகு இந்த எட்டுப் பேர் கதை இன்னும் சுவையானது. பிரதமரோடு கை தூக்கிய இரண்டாவது ஆள் பக்ருதீன் அலி அகமது 1974-ல் தானே குடியரசுத் தலைவர் ஆனார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று எழுப்பிவிட மனசாட்சி எந்த அறையிலும் இல்லை. தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டதும் அவர் பெயரில்தான். கிரிக்கு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்ட கட்சிக்கு மனசாட்சி கொடுத்த வட்டி அது. எந்த ஜகஜீவன் ராமுக்காகக் காந்தியின் பெயர் இழுக்கப்பட்டதோ, அவரேதான் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். காமராஜர் அதே 1975-ல் காந்தி பிறந்த நாளில் காலமானார். நாடு வாய் திறக்க முடியாமல் இருந்தது. 1977-ல் மொரார்ஜி பிரதமர் ஆனபோது சஞ்சீவ ரெட்டி போட்டியில்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார். எட்டு ஆண்டு முன்பு பெரும் ஒழுக்கப் பிரச்சினையாக இருந்த மனிதர், யாரும் எதிர்க்கத் தேவையில்லாத உத்தமராகிவிட்டார். மாறியது அவர் இல்லை. எண்ணிக்கை.

தலித் குடியரசுத் தலைவர்? அந்த ஆசை 28 ஆண்டு அலமாரியில் இருந்தது. 1997-ல்தான் கே.ஆர். நாராயணன் வந்தார். நடுவில் 1974, 1977, 1982, 1987, 1992 என்று ஐந்து தேர்தல் போனது. காந்தி நூற்றாண்டு ஒரே ஒரு மாதம் மட்டும் நடந்த விசேஷம் போலிருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் பெயர் இந்த நாட்டில் எதற்குப் பயன்படும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்டியதில்லை. எதிரியின் வேட்பாளரை அடிக்கக் கம்பு வேண்டும். கம்புக்கு ஒரு தலித் பெயர். அடித்து முடிந்ததும் கம்பு மூலையில்.

சிலை விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூர்த் தமிழனுக்குச் சிலை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அல்சூரில் திருவள்ளுவர் 1991 முதல் துணி போர்த்திக்கொண்டு நின்றார். உலகத்துக்கெல்லாம் அறம் சொன்ன மனிதர் 18 ஆண்டு முகம் காட்ட முடியாமல் நின்று, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் வெளிச்சம் பார்த்தார். அதற்கும் சென்னையில் சர்வக்ஞருக்கு ஒரு சிலை ஈடாக வைக்க வேண்டியிருந்தது. ஆகவே என் யோசனையில் ஒரு திருத்தம்: மனசாட்சியின் சிலையைத் துணி போர்த்தித்தான் வைக்க வேண்டும், திறப்பு விழா கிடையாது. வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் அங்கே வந்து அழுதுவிட்டு அடுத்த கட்சிக்குப் போகட்டும். வழியில் ஒரு மனசாட்சி இருந்தால் போக்குவரத்துக்கு வசதி.

1969-ஐ இவ்வளவு ஏசுகிறேனே, அதற்குப் பிறகு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? எட்டுப் பேர் என்பது பெரிய கூட்டம் என்று கண்டுபிடித்தார்கள்.

2022-ல் எதிர்க்கட்சிகள் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேடிய அழகை நினைவில் வையுங்கள். சரத் பவார் வேண்டாம் என்றார். பரூக் அப்துல்லா வேண்டாம் என்றார். கோபாலகிருஷ்ண காந்தியும் வேண்டாம் என்றார். யஷ்வந்த் சின்கா தலையில் மாலை விழுந்தது. ஆளும் கட்சியில் திரௌபதி முர்மு பெயர் ஜூன் 21 இரவு அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்சியின் கோடிக்கணக்கான உறுப்பினர்களில் ஒருவரிடம்கூட ஒரு சீட்டு நீட்டிக் கேட்டதாகச் செய்தி இல்லை. 1969-ல் சண்டை போட்டுக் கட்சியை உடைத்தார்கள். இப்போது சண்டையே இல்லை. சண்டை இல்லாததற்குக் காரணம் ஒற்றுமை என்று நம்புகிறவர்கள், ஓசூர் சாலையில் ஞாயிறு விடியற்காலை வாகனம் குறைவாக இருப்பதைப் பார்த்துப் போக்குவரத்துப் பிரச்சினை தீர்ந்தது என்றும் நம்பலாம்.

காங்கிரசுக்கு 2022 அக்டோபரில் தலைவர் தேர்தல் நடந்தது. கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. ஓட்டாவது போட்டார்களே என்று கை தட்டலாம். நிஜலிங்கப்பாவுக்குப் பிறகு அந்த நாற்காலிக்குப் போன கன்னடர் கார்கே. பாரதிய ஜனதாவில் தலைவர் பதவிக்கு வாக்குப்பதிவு நடந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒருமனம். ஒரு மனம் என்பது சரி. அது யாருடைய மனம் என்பதுதான் நமக்குச் சொல்லப்படுவதில்லை. தமிழ்நாட்டுக்குப் போவோம். பெங்களூரில் காங்கிரஸ் அடித்துக்கொண்ட அதே 1969 ஜூலையில், 27-ஆம் தேதி, மு. கருணாநிதி தி.மு.க. தலைவரானார். 2018 ஆகஸ்ட் 7 வரை 49 ஆண்டு தலைவர். பிறகு மகன், போட்டியின்றி. அ.தி.மு.க.வில் 2023 மார்ச்சில் பொதுச் செயலாளர் தேர்தல் என்று அறிவித்து, மனு வாங்கி, ஒரே ஒரு ஆள் இருந்ததால் அவரே வென்றதாக அறிவித்தார்கள். போட்டியில்லாமல் வெல்வதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்காதீர்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

நம் கர்நாடகத்தில் 2023 மே மாதம் நடந்த நாடகத்துக்குப் பரிசே தரலாம். 224-ல் 135 இடம் பிடித்த காங்கிரசில், சித்தராமையாவா டி.கே. சிவகுமாரா என்று போட்டி. எம்.எல்.ஏ.க்களை ஓட்டலில் கூட்டி ஒவ்வொருவரிடமும் ரகசியமாகக் கருத்துக் கேட்டார்கள். கேட்டதை டெல்லிக்குக் கொண்டு போனார்கள். நான்கு நாள் டெல்லியில் பேச்சு. யாருக்கு எத்தனை என்று கணக்கு வெளியே வரவில்லை. பெட்டியில் போட்ட ஓட்டை எண்ணாமல் எடுத்துப் போய், முடிவை மட்டும் விமானத்தில் அனுப்புகிற முறையை உலகத்துக்கு நாம் ஏற்றுமதி செய்யலாம். பதினான்கு வங்கியை ஓர் இரவில் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, 135 சீட்டு எண்ணத் தெரியாதா?

அமெரிக்காவில் 2008-ல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஒரே கட்சியின் வேட்பாளர் இடத்துக்காக ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக மோதினார்கள். ஆளுக்கு ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அந்த ஊரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 2024-ல் அதே கட்சி கடைசி நேரத்தில் கமலா ஹாரிஸைக் கட்சி மக்களின் வாக்குக்கு விடாமல் முடிவு செய்து, விலையும் கொடுத்தது. ஆனால் அங்கே கடைக்காரனும் பஸ் ஓட்டுநரும் ஒரு செவ்வாய்க்கிழமை போய், என் கட்சி சார்பில் நிற்க வேண்டியவர் இவர் என்று சீட்டில் குத்திவிட்டு வர முடியும். இங்கே ஆயுள் முழுக்கக் கொடி பிடித்த தொண்டனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. போஸ்டர் ஒட்டும் பசை வாளி மட்டும் நிரந்தரமாக அவன் கையில். கட்சிக்குள் ஜனநாயகம் வேண்டும், சட்டமே போடுங்கள் என்று 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கைக்கு எல்லாக் கட்சியிலும் ஒருமனதான ஆதரவு: யாரும் திறப்பதில்லை.

இனி எங்கள் பொம்மனஹள்ளி. 1969-ல் இது கிராமம். பிறகு நகரசபை ஆனது. 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அன்றைக்கே எங்களுக்குத் தேர்ந்தெடுத்த சபை கிடையாது. 2010-ல்தான் முதல் முறை கார்ப்பரேட்டருக்கு ஓட்டுப் போட்டோம். 2015-ல் இன்னொரு முறை. 2020 செப்டம்பரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்பின் 243-யூ பிரிவு சொல்கிறது. ஐந்து ஆண்டு தாண்டியும் நடக்கவில்லை. நிர்வாக அதிகாரி ஆண்டார். முதலில் ஆண்டது பா.ஜ.க. அரசு, பிறகு காங்கிரஸ் அரசு. எல்லாவற்றிலும் அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் எங்களுக்குக் கார்ப்பரேட்டர் வேண்டாம் என்பதில் மட்டும் தோளில் கை போட்டுக்கொண்டன.

சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வார்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 198 வார்டு 243 ஆனது. 243, 225 ஆனது. பிறகு மாநகராட்சியையே ஐந்தாகப் பிளந்து, 369 என்றார்கள். நாங்கள் இப்போது பெங்களூர் தெற்கு மாநகராட்சி. பலகை மாறியது, கடிதத் தலைப்பு மாறியது, வரைபடம் மாறியது. மழை பெய்தால் ராஜகால்வாய் வீட்டுக்குள் வருவதும், கோடையில் டேங்கர்காரன் சொன்னதே விலை என்பதும், சொத்துக்குக் காத்தா வாங்கப் போனால் நாளை வா என்பதும் மாறவில்லை. மூன்று முறை வார்டை எண்ணினார்கள். ஒரு முறைகூட ஓட்டை எண்ணவில்லை. வார்டுக்கு ஆள் நிறுத்த வேண்டிய கட்சிகளுக்கோ, யாரை நிறுத்துவது என்று பொம்மனஹள்ளிக் கட்சிக்காரனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் சிதறலாகக்கூட வரவில்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பாதி, டெல்லியில் பாதி.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி மாற்றியிருந்தது. கார்மெண்ட்ஸ் பெண்ணுக்கு அந்தப் பணம்தான் பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், மாமியாரின் ஆபரேஷன். கண் மங்கி, முதுகு வளைந்து, நாற்பதுக்கு முன்பே வேலையை விட்டுப் போகிறவளிடம் 58-ல் வா என்றால் என்ன அர்த்தம்? பொம்மனஹள்ளி ஆலைகளிலிருந்து பெண்கள் இறங்கி ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் ஒரே சாலையில். மேடை கிடையாது. தலைவர் கிடையாது. யார் தலைமை என்று நான்குக்கு இரண்டு வாக்கெடுப்பு கிடையாது. மறுநாள் மற்றத் தொழிற்பேட்டைகளுக்கும் பரவியது. தடியடி, கண்ணீர்ப் புகை, எரிந்த பஸ், பிறகு கைதும் வழக்கும். ஏப்ரல் 19-ஆம் தேதி மாலையில் மத்திய அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. இரண்டே நாள்.

கண்ணாடி மாளிகையில் கூடியவர்கள் ஏழையின் பெயரை ஆயிரம் முறை சொல்லித் தங்கள் நாற்காலியை மீட்டார்கள். பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், பெயர் தெரியாத பெண்கள் யார் பெயரும் சொல்லாமல் தங்கள் பணத்தை மீட்டார்கள். இந்தப் பெண்களில் ஒருத்தியைக்கூட எந்தக் கட்சியும் வேட்பாளர் தேர்வுக் குழுவில் உட்காரவைக்காது. உட்காரவைத்தால், முதல் கேள்வியிலேயே கணக்கு கேட்டுவிடுவாள்.

எனக்குக் கோபம் 1969-ல் நடந்த துரோகங்கள் மேல் இல்லை. அரசியலில் துரோகம் புதிதில்லை. கோபம், அந்த எட்டுப் பேர் அறையைக் கட்சிகள் இன்றுவரை இடிக்காததன் மேல். அறையை இன்னும் சின்னதாக்கி, ஏ.சி. போட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே நிற்கிற நம்மிடம் இது உங்கள் ஜனநாயகம் என்று சொல்வதன் மேல். வேட்பாளர் யார் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் காட்டிய இரண்டு முகத்தில் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்துவிட்டு விரலில் மையைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வோம். வாக்குரிமையில் பாதியைத்தான் அரசமைப்பு நமக்குக் கொடுத்தது. மீதிப் பாதி கட்சி அலுவலகத்து மேஜை டிராயரில் கிடக்கிறது.

ஆகவே பொம்மனஹள்ளி வாக்காளப் பெருமக்களே, ஓசூர், சேலம், மதுரை வாக்காளர்களே, அடுத்த முறை ஒரு வேட்பாளர் கை கூப்பிக்கொண்டு உங்கள் சந்துக்கு வரும்போது, தண்ணீர் வருமா, ரோடு போடுவீர்களா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: உங்களை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது யார்? எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? உங்களோடு போட்டியிட்டுத் தோற்றவர் பெயர் என்ன? மேலிடம் என்று பதில் வந்தால், ஓட்டையும் மேலிடத்திலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.